பதினெட்டுச் சோடிச் செருப்பு

தர்சினி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். நான் விட்டுவந்த வேலையை இப்போது செய்கிறவள் அவள். பாய்மரப் படகுகளில் கூட்டமாக உலகம் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யொட்காரர் என்போம். அவர்கள் திருகோணமலையில் நங்கூரம் போட்டதும் பஸ்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் ஊர் காட்டி, சாப்பாடு கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பழகவிட்டு, ஆள் குறையாமல் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அந்த வேலை. அவள் கையில் நீல நிறத்தில் ஒரு றப்பர் பட்டி இருந்தது.

"இத ஆக்கள்ர கையில மாட்டிட்டாப் போதும் அக்கா. போனக் காட்டினா எத்தின பேர் ஏறினது, எத்தின பேர் இறங்கினதெண்டு அதே சொல்லும். இனி எண்ணுற வேலையே இல்ல," என்றாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க என் அனுபவத்தை எழுதித் தரும்படியும் கேட்டாள். "நல்ல விசயமாப் பாத்து எழுதுங்க" என்று ஒரு புத்திமதி வேறு.

நல்ல விசயம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. அவற்றில் புதுப்பிள்ளைகள் படிக்க ஒன்றும் இல்லை. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நான் செய்த ஒரு பிழையை. அதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் தர்சினி கிழித்துப் போடட்டும்.

நான் ஆரையம்பதிக்காரி. அப்பா ஆற்றில் மீன் பிடித்தவர். வெளியூர்க்காரர் வாவி என்று சொல்வதை நாங்கள் ஆறு என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். எங்கள் வீட்டில் தோணியில் ஏறினவர்களை விரல் நீட்டி எண்ணக் கூடாது. சின்ன வயதில் ஒருநாள் ஒன்று, இரண்டு என்று தொடங்கின என் விரலை அம்மா மடக்கிப் பிடித்துக்கொண்டாள். நெல் மூட்டையை எண்ணலாம், மீனை எண்ணலாம், ஆளை எண்ணினால் குறைந்துபோகும் என்பது அவளுடைய பயம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீசு படித்தேன். ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடம் இருந்தேன். நாட்டில் சண்டை முடிந்து வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கின காலத்தில் பெனடிக்ற் சேர் என்னைத் தன் வேலைக்குக் கூப்பிட்டார். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவருக்குப் பின்னால் ஒரு வருடம் நடந்தேன், அவ்வளவுதான்.

பெனடிக்ற் சேர் புளியந்தீவில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அவர்களுடைய பழைய போத்துக்கீசப் பாஷை, வெளியே எங்களைப்போலவே தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாங்கள் கிட்டப்போய்க் காது கொடுக்க வேண்டும். தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அந்தச் சட்டையில் ஆறு பொத்தான். ஆட்கள் வள்ளத்தில் ஏறும்போது ஓரமாக நின்று, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பொத்தானைத் தொட்டு, போத்துக்கீசத்தில் உதட்டுக்குள் எண்ணுவார். மேலிருந்து கீழே மூன்று தரம் போனால் பதினெட்டு. விருந்தாளிகளுக்குத் தங்களை எண்ணுகிறார் என்று தெரியாது. சிலர் அவர் செபம் சொல்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.

"முகத்தப் பாத்து எண்ணணும் சிவமணி. தொப்பிய எண்ணக் கூடாது, முதுக எண்ணக் கூடாது. ஏறக்குள்ள ஒருக்கா, இறங்கக்குள்ள ஒருக்கா, திரும்பி வெளிக்கிடக்குள்ள ஒருக்கா," என்பார். இதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த முழுப் படிப்பும்.

எனக்கோ முகத்தைப் பார்த்து எண்ண வராது. இரண்டு, மூன்று என்று போகும்போதே அம்மாவின் கை வந்து விரலை மடக்கும். அதனால் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். மணல்திட்டுகளுக்குப் போகும் நாட்களில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள். நான் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கொண்டுபோய், கழற்றின செருப்பையெல்லாம் அதில் போடச் சொல்வேன். திரும்பும் நேரம் ஒவ்வொருவரும் தன் சோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். பெட்டி வெறுமையானால் எல்லோரும் வந்தாயிற்று என்று கணக்கு. ஆளை எண்ணாமலே எண்ணியாயிற்று என்று எனக்குள் பெரிய புளுகமும் பெருமையும்.

சேர் அதைப் பார்த்தார். "செருப்பு ஆள் இல்ல, சிவமணி," என்றார். நான் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு, அவர் வராத நாட்களில் பெட்டியைத்தான் நம்பினேன். ஐந்து வருடம் அந்தப் பெட்டி என்னை ஏமாற்றவில்லை.

எனக்கு இருந்த இன்னொரு கெட்டித்தனம் ஆட்களைப் பழகவைப்பது. யொட்காரர் ஒரு வினோதமான கூட்டம். மாதக்கணக்கில் கடலில் புருசனும் பெண்சாதியும் ஒரு சின்ன அறைக்குள் கிடந்துவிட்டு வருவார்கள். தரையில் கால் வைத்ததும் அவர்களுக்கு வேண்டியது பேச வேறொரு முகம். ஆனால் கூச்சத்தில் திரும்பவும் சோடி சோடியாகத்தான் உட்காருவார்கள். நான் விடமாட்டேன். ஒரு வீட்டுக்காரர் ஒரே வள்ளத்தில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு வள்ளத்துக்கு நண்டு வள்ளம், மற்றதற்கு இறால் வள்ளம் என்று பெயர் வைத்து, புருசனை ஒன்றில் ஏற்றினால் பெண்சாதியை மற்றதில் ஏற்றுவேன். ஒருமுறை இரண்டு கப்பித்தான்மார் முகம் பார்க்காமல் வந்தார்கள். ஒருவருடைய நங்கூரம் இழுபட்டு மற்றவருடைய படகில் போய் மோதிவிட்டதாம். வழியில் கதிரவெளியில் மீன்பிடிகாரர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில், முன்னும் பின்னுமாக நிறுத்தி இழுக்க விட்டேன். வலை கரைக்கு வந்தபோது இருவரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சேர்கூட அன்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிப்போயிருக்க வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மாசி மாதம். வேளாண்மை வெட்டுக்கு நின்ற நேரத்தில் பருவம் தப்பி ஐந்து நாள் மழை பெய்தது. ஆற்றுக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து வயல் வட்டைகளில் முற்றின கதிர் தண்ணீருக்குள் கிடந்தது. ஆற்றையும் கடலையும் பிரித்துக்கொண்டு முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு இருக்கும். அதை வெட்டிவிட்டால்தான் ஆற்று வெள்ளம் கடலுக்கு ஓடி வயல்கள் தலைகாட்டும். ஆற்றுவாய் வெட்டுகிறது என்று சொல்வோம். முதலில் ஒரு வாய்க்கால் அகலம்தான் வெட்டுவார்கள். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இரண்டு மணித்தியாலத்தில் பஸ் திரும்பக்கூடிய அகலமாகிவிடும், அடுத்த நாள் அக்கரையில் நிற்கிறவர் ஆர் என்று தெரியாது.

மழை விட்டு வெயில் எறித்த அன்று எங்களிடம் ஐந்து படகுகளின் ஆட்கள், பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அதே திட்டில் மத்தியானச் சாப்பாடு என்று முன்பே பேசியாகிவிட்டது. வெட்டுவதும் அன்றைக்குத்தான். சேர் காலையிலேயே வெட்டுகிறவர்களோடு கதைத்து முடித்தார். நாங்கள் மூன்று மணிக்குத் திட்டை விட்டுவிட வேண்டும், அதன்பிறகுதான் வெட்டுகிற மெசின் மண்ணில் இறங்கும். சாயந்தர விருந்துக்குத் தன் வீட்டை ஒழுங்கு பண்ண வேண்டியிருந்ததால் சேர் புளியந்தீவிலேயே நின்றுவிட்டார்.

"மூண்டு மணிக்கு நான் போன் எடுப்பன். திட்டில ஒருத்தரும் இல்லயெண்டு நீங்க சொன்னாத்தான் நான் அவங்களுக்குச் சொல்லுவன். விளங்குதா?" என்றார்.

"விளங்குது சேர்."

"முகத்தப் பாத்து எண்ணுங்க."

"ஓம் சேர்."

அந்தக் கூட்டத்தில் மார்க்ரெட் என்றொரு அம்மா இருந்தார். வயது அறுபத்தெட்டு. புருசன் பீற்றர், நெடுத்த மனிதர், பேச்சுக் குறைவு. இரண்டு பேரும் தனியாக நாலு வருடம் ஒரு படகில் சுற்றி வந்திருந்தார்கள். மார்க்ரெட்டுக்குக் காது கேட்காது. இரண்டு காதிலும் கருவி வைத்திருப்பார், தண்ணீருக்குக் கிட்டப் போனால் நனைந்துவிடும் என்று கழற்றி ஒரு சின்ன டின்னுக்குள் போட்டுக்கொள்வார். கையில் எந்த நேரமும் படம் வரைகிற புத்தகம். என் சட்டப்படி பீற்றரை நண்டு வள்ளத்திலும் மார்க்ரெட்டை இறால் வள்ளத்திலும் ஏற்றினேன். நண்டு வள்ளத்தை நவம் அண்ணன் ஓட்டினார். முப்பது வருடம் அந்த ஆற்றில் கிடந்தவர். மற்றதை அவருடைய மருமகன் ஓட்டினார்.

திட்டில் சாப்பாடு, பாட்டு, சிரிப்பு என்று எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒன்றரை மணியளவில் மார்க்ரெட் வள்ளத்தடிக்கு வந்து, பெட்டியிலிருந்து தன் செருப்பை எடுத்துக்கொண்டு போனார். கடல் பக்கத்தில் சிப்பி காலைக் குத்தியிருக்கிறது. நான் அப்போது தயிர்ச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நவம் அண்ணன் கண்டார். நானும் கண்டிருப்பேன் என்று நினைத்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்ரெட் மணல்மேட்டைத் தாண்டி, கடல் பக்கத்துச் சரிவில் அடம்பன்கொடிக்கு நடுவில் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். அங்கே ஒருவர் இருந்தால் இந்தப் பக்கமிருந்து தெரியாது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க எல்லோரையும் கூப்பிட்டேன். வந்தார்கள், தங்கள் தங்கள் செருப்பை எடுத்தார்கள், ஏறினார்கள். கதை விட்டுப்போகக் கூடாதென்று மூன்று பேர் வள்ளம் மாறி ஏறினார்கள். அது என் வெற்றி என்று சந்தோசப்பட்டேன். ஒரு வள்ளத்தில் ஆள் குறைவதும் மற்றதில் கூடுவதும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி வெறுமை. போன் அடித்தது.

"திட்டில ஆரும் இரிக்காங்களா?" சேர் கேட்டார்.

"இல்ல சேர். எல்லாரும் ஏறிட்டாங்க."

"எண்ணினீங்களா?"

"ஓம் சேர்."

இந்த "ஓம் சேர்" என்பதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். பெட்டியை எண்ணினது எண்ணினதுதானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு சொன்னேன். அதைப் பொய் என்று எழுத இன்றைக்கும் கை கூசுகிறது, ஆனால் பொய்தான்.

வள்ளங்கள் வெளிக்கிட்டுக் கொஞ்ச தூரம் போனபோது மணல்மேட்டில் தொப்பி போட்ட ஓர் உருவம் ஏறி நின்று கையைக் காட்டியது. கரைவலைக்காரரின் ஆட்கள் சிலவேளை அந்தப் பக்கம் நிற்பார்கள். அதில் ஒருவர் என்று நினைத்தேன். நானும் கையைத் தூக்கி நன்றாக ஆட்டினேன். உருவம் திருப்தியாக இறங்கிப் போனது.

கோட்டையடி இறங்குதுறையில் சேர் நின்றார். விருந்தாளிகள் ஒவ்வொருவராக இறங்க அவருடைய விரல் பொத்தானில் போனது. ஒருமுறை மேலிருந்து கீழ், இரண்டாம் முறை மேலிருந்து கீழ். மூன்றாம் முறை கடைசிப் பொத்தானுக்கு மேல் விரல் நின்றுவிட்டது. வள்ளங்கள் இரண்டும் வெறுமை. அவர் கூட்டத்துக்கு நடுவில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் திரும்பவும் எண்ணினார். பிறகு என்னிடம் வந்தார்.

"பதினேழு," என்றார். நான் குனிந்துதான் அதைக் கேட்டேன்.

"இல்ல சேர், பதினெட்டு. பெட்டி வெறுமையா இரிந்திச்சு."

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம்தான் எனக்குத் தொப்பி ஞாபகம் வந்தது. வைக்கோல் தொப்பி, நீலத் துணி சுற்றினது. காலையில் பஸ்ஸில் மார்க்ரெட்டிடம் அது வடிவாக இருக்கிறது என்று நானே சொல்லியிருந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் கையாட்டினதை, இரண்டாம் தரம் வந்து ஏற்றுகிறோம் என்று அவர் எடுத்திருப்பார். அதனால்தான் பதறாமல் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

"எழும்புங்க," என்றார் சேர். "அவட புருசனிட்டச் சொல்லுங்க."

"நான் முதல்ல போய்க் கூட்டிட்டு வாறன் சேர். மறுகா சொல்லுவம்."

"இல்ல. இப்பவே. அவர்ர பெண்சாதி. அவருக்குத் தெரியாம நாம ஒண்டும் செய்யேலா."

சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்து மெசின்காரரைக் கூப்பிட்டார். நான் பீற்றரிடம் போனேன். அவர் இன்னொருவரோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். உங்கள் மனைவி திட்டில் நின்றுவிட்டார் என்று இங்கிலீசில் சொன்னேன். "இல்லை, அவள் மற்ற வள்ளத்தில்," என்றார். மற்ற வள்ளமும் வந்துவிட்டது என்றேன். அவர் தலையைத் திருப்பி இரண்டு வள்ளத்தையும் பார்த்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, கண் மட்டும் மாறினது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நவம் அண்ணன் தண்ணீரைக் காட்டினார். ஆற்றில் மிதக்கிற ஆற்றுவாழைக் கொத்துகள் காற்றுக்கு எதிராக முகத்துவாரப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. "வாய் திறந்திட்டு," என்றார்.

சேர் போனைக் கீழே இறக்கினார். "மெசின நிப்பாட்டிட்டாங்களாம். தண்ணிய நிப்பாட்டேலாதாம். தெற்கால பள்ளத்திலயும் ஏறி ஓடுதாம்."

மூன்று பேர் போனோம்: நவம் அண்ணன், பீற்றர், நான். ஏற வேண்டாம் என்று பீற்றரிடம் ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். சேர் மற்றப் பதினாறு பேரையும் ஒன்றாக வைத்திருக்கத் துறையில் நின்றார். போகிற வழியெல்லாம் நான் என்னையே திட்டிக்கொண்டு போனேன். கடவுளைக் கும்பிடவும் வாய் வரவில்லை. என்னென்று கேட்பது? நான் பொய் சொன்னேன், நீ காப்பாற்று என்றா?

கிட்டப் போகவே இரைச்சல் கேட்டது. வடக்கே வெட்டின வாய் அறுபது அடிக்கு மேல் அகன்றுவிட்டது. பழுப்புத் தண்ணீர் மடித்து மடித்துக் கடலுக்குள் பாய்ந்தது. தெற்கே பள்ளத்திலும் இன்னொரு ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டு முற்றம் அளவு மணல். அதன் மேல் மார்க்ரெட், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடல் பக்கம் இடிந்து விழுகிற மண்ணைப் பார்த்தபடி நின்றார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். அக்கரையில் மெசின்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கத்திக்கொண்டு நின்றார்கள். மார்க்ரெட்டுக்கு ஒன்றும் கேட்காது.

"நேர போனா எங்களையும் கடலுக்க இழுத்துப் போட்டிரும் தங்கச்சி," என்றார் நவம் அண்ணன். "இஞ்சின நம்பேலா. அந்தக் கண்டல் மரத்தடியில நங்கூரத்தப் போட்டு, கயிற விட்டு விட்டுப் பின்னால இறங்குவம்."

அப்படியே செய்தார். நங்கூரம் சேற்றில் இறுகினது. வள்ளத்தின் தலை ஆற்றைப் பார்க்க, பின்பக்கம் திட்டைப் பார்க்க, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். ஓட்டம் வள்ளத்தைப் பிடித்து உலுக்கியது. கயிறு முடிந்தது. திட்டுக்கு இன்னும் இரண்டு வள்ளத் தூரம். வெயிலுக்குக் கட்டின படங்கின் கயிற்றை நவம் அண்ணன் அவிழ்க்கத் தொடங்க, பீற்றர் அதை வாங்கி முதல் கயிற்றோடு முடிந்தார். நாலு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்தது.

திட்டின் ஒரு மூலை கரைந்து போனது. பீற்றர் பெண்சாதியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கேட்காது என்று அவருக்கே தெரியும். வள்ளத்தில் தண்ணீர் அள்ளுகிற பழைய தகரப்பேணி கிடந்தது. எடுத்து என் பலம் முழுக்கச் சேர்த்து எறிந்தேன். அவருடைய காலடியில் விழுந்தது. திரும்பினார்.

எங்களைக் கண்டதும் நேராக எங்களை நோக்கி ஓடி வரப் பார்த்தார். அந்த வழியில் மேலே மணல் தெரிந்தாலும் கீழே தண்ணீர் அரித்துவிட்டது. நான் கையை ஆட்டி நில்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, புருசனைத்தான் பார்த்தார். பீற்றர் வள்ளத்தின் பின்விளிம்பில் எழும்பி நின்று, வலது கையை நீட்டி இடப்பக்கம் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து நிறுத்தினார். பிறகு மெதுவாக இரண்டு விரலால் முன்னுக்குக் கூப்பிட்டார். நங்கூரம் போடும்போது ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்று, எஞ்சின் சத்தத்தில் கத்தாமல் கையால் பேசுவார்களாம். நாலு வருடம் பேசின பேச்சு அது. அவர் காட்டின பக்கம் காட்டின அளவு அந்த அம்மா நடந்தார். நில் என்றதும் நின்றார். முழங்கால் தண்ணீரில் இறங்கினார். இடுப்புத் தண்ணீர். அடுத்த எட்டில் கால் எடுபட்டுப் போனது.

நவம் அண்ணன் அவருடைய சட்டையைப் பிடித்தார், நான் முடியைப் பிடித்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், முடியைத்தான் பிடித்தேன், கைக்கு எட்டினது அதுதான். மூன்று பேரும் இழுத்து உள்ளே போட்டோம். தொப்பியும் புத்தகமும் செருப்பும் கடலுக்குப் போயின. கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துக் கண்டலடிக்கு வந்து சேரும்போது திட்டு இருந்த இடத்தில் நுரைதான் இருந்தது.

மார்க்ரெட் நனைந்த உடம்போடு என் தோளில் சாய்ந்து நடுங்கினார். கருவி இருந்த டின் சட்டைப் பையில் தப்பியிருந்தது. அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "நீ கையாட்டினாயே, வருவதாகத்தானே சொன்னாய்?" என்பதுதான். பீற்றர் அதைக் கேட்டார். நான் அழுதேன்.

சாயந்தரம் விருந்து வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நண்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. பறங்கியர் ஆட்டத்துக்கு வயலின் வாசிக்க வந்த சேரின் மச்சான் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. சேர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"சாப்பாடு வைக்க முதல் நீங்க இவங்களுக்குச் சொல்லணும்."

"நீங்க சொல்லுங்க சேர். எனக்கு ஏலா."

"எனக்கு எண்ணினனெண்டு சொன்னது நீங்க. இதையும் நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். சோடிகளைப் பிரித்து ஏற்றினதைச் சொன்னேன், செருப்புப் பெட்டியைச் சொன்னேன், எண்ணாமலே, எண்ணினேன் என்று சேரிடம் சொன்னதைச் சொன்னேன், என் சொல்லைக் கேட்டுத்தான் ஆற்றுவாயைத் திறந்தார்கள் என்றதையும் சொன்னேன். அம்மாவையும் மடக்கின விரலையும் சொல்லவில்லை. அது காரணம்தான், ஆனால் அந்த இடத்தில் அது தப்பிக்கிற சாட்டாகிவிடும். சிலர் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் காலை பஸ் வாசலில் நின்று, விரலை நீட்டி, முகத்தைப் பார்த்து, வாய்விட்டு எண்ணினேன். ஒன்றிலிருந்து பதினெட்டு வரை. சேர் பின்னால் நின்று பொத்தானில் எண்ணினார். இரண்டு கணக்கும் ஒத்துவந்தன. வேலையை விடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை, ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

திருகோணமலைத் துறையில் சின்ன றப்பர் படகுகள் அவர்களை ஏற்றக் காத்திருந்தன. வழக்கம்போல வரிசையில் நின்று விடைபெற்றார்கள். மார்க்ரெட் என்னைக் கட்டிப்பிடித்து, முடியைப் பிடித்ததற்கு நன்றி என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் பீற்றர் வந்தார். சேருக்குக் கை கொடுத்தார். எங்களோடு வந்திருந்த நவம் அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்து நிறைய நேரம் நின்றார். என் முன்னால் வந்தபோது நான் கையை நீட்டினேன். அவர் நீட்டவில்லை.

"மார்க்ரெட் உன்னை மன்னித்துவிட்டாள்," என்றார். குரலில் கோபம் இல்லை. "அவளுடைய உயிர், அது அவளுடைய விருப்பம். நான் மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்கப்போவதில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்."

நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அந்த நேரம் அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பேர் முன்னால் இப்படியா என்று பொருமினேன். அதற்குப் பிறகு பதினொரு வருடம் இந்த வேலையைச் செய்தேன். எத்தனையோ கூட்டம் வந்து போனது, ஒருவரையும் கரையில் விடவில்லை. அவர் அன்று என் கையைப் பிடித்துக் குலுக்கிப் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால், நானும் பரவாயில்லை என்றுதான் நினைத்திருப்பேன்.